நான் சிவகாமி கட்சி

கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று என்னைக் கேட்டவர்களுக்கு வெகுகாலம் நான் ஒரு நாவலைத்தான் பதிலாக வைத்திருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. பெண் பார்க்க வந்த இடங்கள் ஒவ்வொன்றாய்த் தட்டிப்போய், அப்பாவும் போய்ச் சேர்ந்து, தம்பி தங்கைகள் ஆளுக்கொரு குடும்பமாகி, பாங்கு வேலையே எனக்குக் குடித்தனம் என்று ஆன பிறகு, யாராவது ‘பாவம்’ என்ற முகத்தோடு என்னைப் பார்த்தால் மனசுக்குள் சிவகாமியை அழைத்துக்கொள்வேன். கடைசி அத்தியாயத்தில் ஏகாம்பரநாதர் சந்நிதியில் நின்று ஆடுகிறாளே, அவளைப் பார்த்துப் பாவம் என்று சொல்ல எவருக்குத் தைரியம் வரும்? மற்றவர்களுக்குக் கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ ஒரு சரித்திரக் கதை. எனக்கு அது வக்கீல்.

இதை நான் வெளியே சொல்லும்படி ஆனதற்கு எங்கள் வாசகர் கூட்டம் காரணம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மாயவரத்தில் ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீட்டுக் கூடத்தில் கூடுவோம். மயிலாடுதுறை என்று பெயர் மாறி நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் எங்களுக்கு அது மாயவரம்தான். வருகிறவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர், கல்லூரிப் பெண் ஒருத்தி, மின்வாரியத்தில் தொழிற்சங்கம் பார்த்து ஓய்வுபெற்றவர், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்த ஓர் அம்மா, நான், இன்னும் சிலர். நம்மூர்க்காரரை எடுத்துக்கொள்ளலாமே என்று ஒருநாள் பேச்சு வந்தது. கல்கி பிறந்த புத்தமங்கலம் எங்களுக்குப் பக்கத்து ஊர். ‘பொன்னியின் செல்வன்’ வேண்டாம், படம் பார்த்துவிட்டு வந்து சண்டை போடுவார்கள் என்று ஆசிரியர் ஒதுக்கிவிட்டார். அப்படித்தான் சிவகாமி வந்தாள்.

முதல் கூட்டத்தில் பாதி நேரம் பக்கம் தேடுவதிலேயே போயிற்று. கல்கியின் எழுத்து 1999-இல் நாட்டுடைமையானபின் ஆளாளுக்குப் பதிப்பித்துவிட்டார்கள். ஒருவர் கையில் ஒரே தொகுதியாகத் தடிப் புத்தகம், இன்னொருவர் கையில் நாலு பாகம் தனித்தனியாக, கல்லூரிப் பெண்ணுக்குச் செல்போனில். ‘எழுநூற்றுப் பத்தாம் பக்கம்’ என்று ஏஜெண்ட் சொன்னால் அந்தப் பக்கத்தில் என் புத்தகத்தில் யானை ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் அத்தியாயத் தலைப்பைச் சொல்லிப் பேசுவது என்று முடிவாயிற்று.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஏழாம் நூற்றாண்டு. காஞ்சியில் மகேந்திரவர்ம பல்லவர், அவர் மகன் நரசிம்மவர்மன் என்கிற மாமல்லன். சிற்பி ஆயனரின் மகள் சிவகாமி நாட்டியக்காரி. இளவரசனுக்கும் அவளுக்கும் காதல். வாதாபிச் சளுக்கன் புலிகேசி படையெடுத்து வருகிறான். போரின் முடிவில் சிவகாமி வாதாபிக்குச் சிறைப்பட்டுப் போகிறாள். அங்கே பல்லவநாட்டுக் கைதிகளைச் சாட்டையடியிலிருந்து காப்பாற்ற நாற்சந்தியில் ஆடவேண்டி வருகிறது. அந்த அவமானத்தில் பிறக்கிறது சபதம்: இந்த ஊர் எரிந்து சாம்பலாகும்வரை இங்கிருந்து நகரமாட்டேன். மாமல்லன் வேஷம் போட்டு வந்து கூப்பிட்டும் போக மறுக்கிறாள். ஒன்பது வருஷம் கழித்து மாமல்லனும் தளபதி பரஞ்சோதியும் வந்து வாதாபியைக் கொளுத்துகிறார்கள். ஊர் திரும்பிய பிறகுதான் அவளுக்குத் தெரிகிறது, தந்தையின் வற்புறுத்தலாலும் ராஜ்யத்தின் தேவையாலும் மாமல்லன் எப்போதோ பாண்டிய இளவரசியை மணந்து குழந்தைகளுக்கும் தகப்பனாகிவிட்டான் என்று. சிவகாமி ஏகாம்பரநாதரையே மணாளனாக வரித்துக் கோயிலில் ஆடுகிறாள். கதை முடிந்தது.

காதல் கதைக்கு இது முறையான முடிவா? ஒரு பெண்ணுக்காக ஒரு ராஜா நகரத்தையே எரிக்கிறான், ஆனால் அந்தப் பெண் அவனுக்கு இல்லை. சரித்திர நாவல் படிக்கிற நம் ஜனங்களுக்குப் பழக்கமானது வேறு. சாண்டில்யனின் ‘கடல் புறா’வில் நாயகனுக்கு நாயகிகளே இரண்டு பேர். இங்கே ஒருத்திகூடக் கைகூடவில்லை. அதைவிட விசேஷம், கல்கி முடிவை ஒளித்துவைக்கவும் இல்லை. ‘பார்த்திபன் கனவு’ இதற்கு முந்தியே வந்துவிட்டது. அதில் நரசிம்மவர்மன் நடுவயசு ராஜா, வயசுக்கு வந்த மகள் குந்தவி இருக்கிறாள். அதைப் படித்தவர்களுக்கு, 1944-இல் ‘கல்கி’ பத்திரிகையில் இந்தத் தொடர் ஆரம்பித்தபோதே, மாமல்லன் வேறு இடத்தில்தான் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறான் என்று ஊகிக்க வழி இருந்தது. இருந்தும் 1946 வரை வாராவாரம் நம்பிக்கையோடு காத்திருந்தார்கள். என் பெரியம்மா அவர்களில் ஒருத்தி.

பெரியம்மாவுக்கு அப்போது கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயசு. வீட்டுக்குப் பத்திரிகை வந்தால் முதலில் ஆண்கள் படிப்பார்கள், பிறகு பாட்டி, மூன்றாவது கையில்தான் பெண்பிள்ளைகளுக்கு. படித்து முடித்த இதழிலிருந்து தொடரை மட்டும் கிழித்துச் சேர்த்து, நூல் கோத்துத் தைத்து, காலிகோ அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருந்தார்கள். நான் படித்தது அந்த பைண்டு புத்தகத்தில்தான். எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். நடுநடுவே தைலத்துக்கும் சோப்புக்கும் விளம்பரம், எப்போதோ எண்ணெய்க் கை பட்ட கறை. கடைசி அத்தியாயத்தைக் கொல்லைப்புறத்துத் துவைகல்லில் உட்கார்ந்து படித்தேன். அழுதேன் என்று சொன்னால் பொய். எனக்கு ஒரு மாதிரி கர்வமாக இருந்தது. மாமல்லன் மறைந்து நின்று பார்க்கிறான், அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கணத்திலிருந்து நான் சிவகாமி கட்சி.

எங்கள் கூட்டத்தில் அந்தக் கட்சிக்கு ஆள் சேரவில்லை.

ஏஜெண்ட்தான் ஆரம்பித்தார். “மேடம், நான் வெளிப்படையாச் சொல்றேன். அந்தப் பொண்ணுக்கு வீம்பு. மாமல்லன் உயிரைப் பணயம் வெச்சு வாதாபிக்குள்ளயே வந்து நிக்கிறான். கிளம்பி வந்திருந்தா முடிஞ்சுபோச்சு. இவ வரமாட்டேன்னா. அவன் எத்தனை நாளைக்குக் காத்துக்கிட்டு நிப்பான்?” அவருக்குப் பிரீமியம் கட்டாமல் இழுத்தடிக்கிறவர்களைக் கண்டால் எப்படி எரிச்சல் வருமோ அதே எரிச்சல் சிவகாமியிடமும்.

கல்லூரிப் பெண் துள்ளி எழுந்தாள். “அங்கிள், அவ வீம்புன்னா அவனுக்கு என்ன பேரு? கல்யாணம் ஆயிடுச்சுன்னு ஒரு வார்த்தை அவளுக்குச் சொல்லி அனுப்பலையே. ஒன்பது வருஷம் அவ ஒருத்தனை நினைச்சுக்கிட்டு ஜெயில்ல உட்கார்ந்திருக்கா, இவன் இங்க குடும்பம் நடத்துறான்.” அதோடு நிற்கவில்லை. வாதாபியில் குடியிருந்த ஜனங்கள் பாவமில்லையா என்றாள். நாற்சந்தியில் ஆடச் சொன்னவர்கள் அரண்மனைக்காரர்கள், எரிந்தது ஊர். எனக்கு இந்தக் கேள்வி ஒருநாளும் தோன்றியதில்லை. புத்தகத்தில் வாதாபி எரியும்போது என் பெரியம்மா தலைமுறைக்கும், பிறகு எனக்கும், உடம்பு சிலிர்த்தது. சுதந்திரத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. அடிமைப்பட்ட பெண், சபதம், படையெடுப்பு என்றெல்லாம் படித்தவர்களுக்கு மனசில் வேறு ஒரு ஊர் எரிந்திருக்கும். இந்தப் பெண்ணோ தினம் செல்போனில் எரிகிற நகரங்களைப் பார்த்துக்கொண்டு வளர்ந்தவள்.

ஆசிரியர் சரித்திரத்தை எடுத்தார். 634-ஆம் வருஷத்து ஐஹொளே கல்வெட்டில் புலிகேசியின் புலவர் ரவிகீர்த்தி, பல்லவ ராஜாவைக் காஞ்சி மதிலுக்குள் ஓடி ஒளியவைத்ததாகப் பெருமையடித்திருக்கிறார். 642 வாக்கில் நரசிம்மவர்மன் அதற்குக் கணக்குத் தீர்த்தான். வாதாபியிலேயே, அதாவது இன்றைய பாதாமியில், அவன் பெயர் பொறித்த பாறைக் கல்வெட்டு உண்டு. கூரம் செப்பேடு, புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றியை எழுதினான் என்கிறது. பரஞ்சோதி பிறகு ஆயுதத்தை விட்டுச் சிறுத்தொண்டரானதைப் பெரியபுராணம் சொல்கிறது. “இத்தனையும் இருக்கு. சிவகாமி எங்கயுமே இல்லை. அவ கல்கியோட கற்பனை. அப்ப என்ன பண்ணுவார் மனுஷன்? இல்லாத பொண்ணை இருந்த ராஜாவுக்கு எப்படிக் கட்டிவைப்பார்?” மாமல்லபுரத்துக் கடற்கரையில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது இந்தக் கதை மனசில் முளைத்ததாகக் கல்கி முன்னுரையில் எழுதியிருக்கிறார். கல்லில் கிடக்கிற ஊரைப் பார்த்து, அதில் இல்லாத ஒருத்தியை அவர் கொண்டுவந்து நிறுத்தினார் என்பது ஆசிரியரின் கட்சி. முடிவு அவருக்கு ஆண்டாள் வழி, அப்பர் வழி. கடைசி அத்தியாயத்தின் தலைப்பே அப்பர் தேவாரம், அந்த அப்பரும் நாவலில் ஒரு பாத்திரம் என்றபோது குரல் தழுதழுத்தது.

தொழிற்சங்கக்காரருக்கு இதில் எதுவும் பிடிக்கவில்லை. நாகநந்தி என்ற பௌத்தத் துறவியை வில்லனாக்கியது அவருக்கு ஆறவில்லை. யுவான் சுவாங் அதே காலத்தில் இந்தப் பக்கம் நூற்றுக்குமேல் பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதியிருக்கிறான், அவ்வளவு பேரில் கல்கிக்குக் கிடைத்தது ஒரு நாகநந்தியா என்று கேட்டார். நியாயமான கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை.

நாகநந்தி என்றதும் என் இன்னொரு ரகசியம் வெளியே வந்துவிட்டது. எனக்கு அவனைப் பிடிக்கும். நாலு பாகத்தின் பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பரஞ்சோதி யாத்திரை, காஞ்சி முற்றுகை, பிக்ஷுவின் காதல், சிதைந்த கனவு. காதல் என்று கல்கி தலைப்பில் போட்டது பிக்ஷுவின் காதலுக்குத்தான், மாமல்லனுடையதற்கு இல்லை. புலிகேசியோடு ஒரே கருவில் பிறந்து, அஜந்தாவில் வளர்ந்து, ஒற்றனாகக் காஞ்சிக்கு வந்தவன் இவளுடைய நாட்டியத்தைப் பார்த்துத் தடுமாறிப்போகிறான். ‘பார்த்திபன் கனவி’ல் ஒற்றைக்கைக் கபாலிகனாக வந்து மிரட்டுகிறவனும் இவனே. அந்தக் கொடூரனுக்கு இப்படி ஒரு பூர்வீகத்தைப் பின்னால் வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார் கல்கி. மாமல்லன் சிவகாமியைப் பார்க்கிறான், இவன் ஒருவன்தான் அவள் ஆட்டத்தைப் பார்க்கிறான் என்று நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுச் சொன்னேன்.

“ஆன்ட்டி, பின்னாடியே சுத்துறதுக்குப் பேரு வேற. இப்பன்னா கேஸ் போடலாம்” என்றாள் கல்லூரிப் பெண். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன். நாகநந்தியை நான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் கடைசி அத்தியாயத்துக்கு. அன்றைக்குத்தான் சிவகாமிக்காக வாயைத் திறந்தேன். சிவகாமி தோற்றவள் இல்லை என்றேன். ராஜா கிடைக்காததால் சாமியைக் கட்டிக்கொண்டாள் என்று சொல்வது சின்னப் பார்வை. அவளுக்குக் கலை இருந்தது, அதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது, கிடைத்தது. ஒரு பெண் ஒருவனுக்கு மனைவியாகாமலே முழுசாக இருக்கலாம் என்று 1946-இலேயே எழுதியிருக்கிறார் என்றேன். அந்தத் தொடர் வந்துகொண்டிருந்தபோதே, 1945-இல், எம்.எஸ். நடித்த தமிழ் ‘மீரா’ வந்ததையும் சொன்னேன். அதில் ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதியது. அங்கே ராணி கிருஷ்ணனிடம் போகிறாள், இங்கே நாட்டியக்காரி சிவனிடம் போகிறாள், அந்த வருஷங்களில் கல்கியின் மனசு இதிலேயே சுற்றியிருக்கிறது என்றேன். பேசப் பேசக் குரல் உயர்ந்துவிட்டது. என்னைப்பற்றித்தான் பேசுகிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டதோ என்னவோ, ஏஜெண்ட்கூட எதிர்த்துப் பேசாமல் தலையை ஆட்டினார்.

பாட்டு டீச்சர் அம்மா அதுவரை எந்தக் கூட்டத்திலும் அதிகம் பேசியதில்லை. கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “நான் ஒண்ணு சொல்லலாமா?” என்றார்கள்.

“எங்க அம்மாச்சிக்கும் சாமி தாலிதான் கட்டினாங்க. கோயில்லதான். மேளம், மாலை, எல்லாம் இருந்துச்சாம். கல்கி நல்லா எழுதியிருக்காரு. குருக்கள் தட்டுல வெச்சுத் தாலி எடுத்துட்டு வர்ற இடத்துல எனக்கும் கண்ணுல தண்ணி வந்துச்சு. அதுக்கு மறுநாள் என்ன ஆச்சுன்னு அவரு எழுதலையே. கதையை அங்க நிறுத்திட்டாரு. அந்தப் பொண்ணு வீட்டுக்கு அரிசி யாரு அனுப்புனா?”

யாரும் அசையவில்லை. ஆசிரியர்தான் மெதுவாக, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கொரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்திருக்கிறானே என்று ஆரம்பித்தார்.

“அது ராஜராஜன் காலம் சார். எங்க அம்மாச்சி காலத்துல மானிய நிலத்தோட வெள்ளாமை வேற யாரு வீட்டுக்கோ போயிட்டு இருந்துச்சு. அந்த வீட்டுக்காரர் மனசு வெச்சா அரிசி வரும். அவரு எப்ப வருவாருன்னு வீடே வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கும்.”

இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அம்மாச்சிக்குத் தன் பேரில் பெருமை உண்டு என்றார்கள். பதம் பாடினால் தெருவே நின்று கேட்குமாம். சாகும்வரை கைம்பெண் ஆகாதவள் என்று ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் தாலிக்கு மணி கோத்துத்தரக் கூப்பிடுவார்களாம். கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தபோது அதை வாழ்த்தவும் இல்லை, வையவும் இல்லை. பெண்ணுக்குப் பொட்டுக் கட்டவில்லை, ஆட்டமும் சொல்லித்தரவில்லை. பாட்டை மட்டும் விட்டுவிட மனசு வராமல் கற்றுக்கொடுத்தார்களாம். அந்தப் பாட்டுதான் பேத்தி வரைக்கும் வந்து பள்ளிக்கூட வேலையாக நின்றது.

வீட்டுக்கு வந்ததும் வருஷங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். முத்துலட்சுமி ரெட்டி 1920-களின் கடைசியிலேயே சட்டசபையில் இந்தத் தடைப் பேச்சைக் கிளப்பிவிட்டார். சத்தியமூர்த்தி எதிர்த்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிகளே எதிர்த்தார்கள், எங்கள் கலையையும் சொத்துரிமையையும் பிடுங்காதீர்கள் என்று. எங்களூர்ப் பக்கத்து மூவலூரில் ராமாமிர்தம் அம்மையார், அதே குலத்தில் வளர்ந்தவர், ஊர் ஊராகப் போய்ப் பொட்டுக்கட்டுவதை நிறுத்தச் சொன்னார், 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்று ஒரு நாவலே எழுதினார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடைசெய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. சிவகாமி ஏகாம்பரநாதருக்குத் தாலி கட்டிக்கொண்டது அதற்கு ஒரு வருஷம் முந்தி.

புத்தமங்கலமும் மூவலூரும் எங்கள் ஊரிலிருந்து ஆளுக்கொரு திசை. டவுன் பஸ்ஸில் போய்வந்துவிடலாம். இரண்டு ஊரிலிருந்தும் இரண்டு பேர், கோயிலுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் பெண்ணைப்பற்றிப் பத்து வருஷ இடைவெளியில் நாவல் எழுதியிருக்கிறார்கள். ஒன்றை நான் மனப்பாடமாகச் சொல்வேன். இன்னொன்றைக் கூட்டத்தில் என்னையும் சேர்த்து ஒருவரும் படித்திருக்கவில்லை. அந்த அம்மையாரின் பெயரைக் கல்லூரிப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும், மாதம் ஆயிரம் ரூபாய் வருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கு அவர் பெயர்தான். அவளுக்குத் தெரிந்ததும் அந்த அளவுதான்.

கல்கியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சபதம் போட்டவளை அரண்மனையில் கொண்டுபோய்ப் பட்டத்துராணியாக்கி மங்களம் பாடியிருந்தால் இத்தனை வருஷம் கழித்துப் பத்துப் பேர் உட்கார்ந்து அடித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அந்த முடிவு இன்றைக்கும் எனக்குப் பெரிய முடிவுதான். ஆனால் என் வழக்குக்கு அதைச் சாட்சி கூப்பிட எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. எனக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வந்தது, இப்போது பென்ஷன் வருகிறது. என் வீட்டு அரிசியை நான்தான் வாங்குகிறேன். சிவகாமிக்கும் எனக்கும் என்ன ஒற்றுமை என்று அந்தம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது.

அந்த வாரமே பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். காது மந்தம், கண்ணும் மங்கல், சிவகாமி மட்டும் பளிச்சென்று இருக்கிறாள். கூட்டத்தில் நடந்த சண்டையை ஒன்றுவிடாமல் கத்திச் சொன்னேன். ஏஜெண்ட் சொன்னதற்குச் சிரித்தாள். பாட்டு டீச்சர் சொன்னதற்கு ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலையை இடித்துக்கொண்டே இருந்தாள். “நீங்க யாரு கட்சி பெரியம்மா? அழுதேன்னு சொல்லுவீங்களே, சிவகாமிக்குத்தானே?” என்று கேட்டேன்.

“சிவகாமிக்கு அழ ஊரே இருக்குடி. நான் அழுதது அந்தப் பாண்டிய ராஜா பொண்ணுக்கு.”

எனக்குச் சட்டென்று புரியவில்லை. வானமாதேவி. மாமல்லன் கட்டிக்கொண்டவள்.

“அவ என்னடி பண்ணினா? கட்டிக்கொடுத்தாங்க, வந்தா. புள்ளையும் பெத்தா. அவ புருஷன் வேற ஒருத்திக்காகப் படை திரட்டிக்கிட்டுப் போறான். இவ சாமி கும்பிட்டு நல்லபடியாத் திரும்பி வரணும்னு வேண்டிக்கணும். ஜெயிச்சு வந்தாலும் இவளுக்கு என்ன? அவன் மனசுல இருக்கிறவளைத்தானே கூட்டிக்கிட்டு வர்றான். அப்ப எனக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டுது. கடைசி இதழ் வந்தப்ப எல்லாரும் சிவகாமி சிவகாமின்னு மூக்கைச் சிந்துறாங்க. நான் மட்டும், அரண்மனையில உட்கார்ந்திருக்காளே அவ ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பான்னு நினைச்சுக்கிட்டேன்.”

பெரியப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்தது என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த, எவரும் வாய்திறந்து சொல்லாத விஷயம். பெரியம்மா கல்யாணத்துக்கு முன்னால் படித்த கதையைக் கல்யாணத்துக்குப் பின்னால் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பாளோ. அவள் அழுதது நிஜமாக 1946-இல்தானா, பிற்பாடு வந்த அழுகை அந்த இதழில் போய்ச் சேர்ந்துகொண்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாசலில் இருந்து அரிசி வண்டி எந்தத் திசைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டு நின்ற இன்னொருத்தி அவள். டீச்சர் அம்மாவின் அம்மாச்சி ஒரு கோடியில் என்றால் இவள் மறுகோடி.

நான்காம் பாகத்தை எடுத்து வானமாதேவி வருகிற இடங்களை மட்டும் தேடிப் படித்தேன். அதிகம் இல்லை. இருக்கிற கொஞ்சத்தில் கல்கி அவளைக் குறைவாக நடத்தவில்லை. பக்தியும் பொறுமையும் உள்ளவள், புருஷன் மேல் உயிர். சோழ இளவரசி மங்கையர்க்கரசியிடம் அவள் பேசுகிற இடங்களில் பயம் தெரிகிறது. துவைகல்லில் உட்கார்ந்து படித்தபோது இந்தப் பக்கங்களை நான் தாண்டிப் போயிருக்கிறேன், சிவகாமி எப்போது வருவாள் என்று.

அடுத்த மாதக் கூட்டத்தில், சிவகாமியைப் பற்றி எல்லாரும் சொல்லியாகிவிட்டது, எங்கள் பெரியம்மா வானமாதேவி கட்சி, அதையும் பேசலாமா என்று கேட்டேன். டீச்சர் அம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கல்லூரிப் பெண் செல்போனில் தேட ஆரம்பித்தாள். ஆசிரியர், அவள்தானே குந்தவிக்கு அம்மா, அப்படியானால் ‘பார்த்திபன் கனவை’யும் சேர்த்துப் படித்தாக வேண்டும் என்று அடுத்த ஆறு மாதத்துக்குத் திட்டம் போடத் தொடங்கினார். தொழிற்சங்கக்காரர், கபாலிகர்களையும் விட்டுவைக்கவில்லையா கல்கி என்று அலுத்துக்கொண்டார்.

ஏஜெண்ட் மட்டும் என் பக்கம் சாய்ந்து கேட்டார்: “வானமாதேவியா? அவங்க யாருங்க மேடம், எந்தப் பாகத்துல வர்றாங்க?”

நாலு பாகமும் அவர் படித்திருந்தார்.